கீர்த்தியின் வயிற்றுக்குள் இருந்தது

என் மகளின் உண்மையான பெயர் கீர்த்தி இல்லை. பெரியவளான பிறகு இதைப் படித்து அவள் வருத்தப்படக் கூடாது என்று எங்கள் எல்லோருடைய பெயரையும் மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தபடியே.

நான் மாதேஷ். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் உலோக பாகங்களைக் கடையும் சிஎன்சி மெஷின் ஓட்டுகிறேன். சொந்த ஊர் சாமல்பட்டி. மனைவி விஜயா இன்னொரு கம்பெனியில், செல்போன் பாகங்களைப் பொருத்தும் லைனில், கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறாள். இருவருக்கும் ஒரே ஷிப்ட் வந்துவிடாதபடி சூப்பர்வைசரிடம் கெஞ்சி மாற்றிக்கொள்வோம். ஒருவர் வெளியே போனால் ஒருவர் வீட்டில். விஜயாவுக்கு முதல் ஷிப்ட் வரும் வாரங்களில் கீர்த்தியைக் குளிக்கவைத்து, தலை பின்னி, பள்ளி வேனில் ஏற்றிவிடுவது என் பொறுப்பு. ரெட்டைச் சடை நன்றாகவே பின்னுவேன்.

அப்படிப் பின்னும்போதுதான் ஒருநாள் அவள் உச்சந்தலையில் முடி உதிர்ந்து தோல் தெரிவதைப் பார்த்தேன். கட்டைவிரல் வைத்தால் மறைகிற அளவு. அவள் அப்போது ஒன்றாம் வகுப்பு. மாலையில் விஜயாவிடம் காட்டினேன். "புழுவெட்டு மாமா. எங்க சித்தப்பாவுக்கு மீசையில வந்துச்சு," என்றாள். சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்த்தோம். எரியுதுப்பா என்று அழுவாள். தேய்த்தோம். தோல் டாக்டரிடம் காட்டினோம். அவரும் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுப் புழுவெட்டு மாதிரிதான் இருக்கிறது என்று களிம்பு எழுதிக் கொடுத்தார். குறையவில்லை. கடைசியில் எங்கள் குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டு மொட்டை போட்டோம். அடுத்த சில மாதங்களில் தலை நிறையக் கருகருவென்று முடி வந்தது. சாமி கண் திறந்துவிட்டது என்று விஜயா போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். நானும் நம்பினேன்.

இரண்டாம் வகுப்பில்தான் சாப்பாட்டுத் தகராறு தொடங்கியது. இரண்டு வாய் வாங்கியதும் தட்டைத் தள்ளிவிடுவாள்.

"வயிறு ரொம்பிடுச்சுப்பா."

"எதால ரொம்புச்சு? காலையில இருந்து நீ என்னா சாப்ட?"

"தெரியலப்பா. ரொம்பிடுச்சு."

வீட்டுக்குப் பக்கத்து கிளினிக்கில் வாயு என்று ஒரு மருந்தும், அடுத்தமுறை பூச்சி மாத்திரையும் கொடுத்தார்கள். பிறகு வாந்தி ஆரம்பித்தது. காலையில் குடித்த பால் மாலையில் அப்படியே வெளியே வரும். வாயில் ஒரு கெட்ட நாற்றம். பல் துலக்கித் துலக்கி ஈறில் ரத்தம் வந்ததுதான் மிச்சம். போன வருஷச் சீருடை தோளிலிருந்து நழுவியது. வகுப்பு ஆசிரியை போன் செய்து, "பாப்பா டெஸ்க்குல தலை வச்சே படுத்திருக்குதுங்க. கொஞ்சம் நல்ல டாக்டரா பாருங்க," என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குளிக்கவைக்கும்போது வயிற்றுக்குச் சோப்புப் போட்டேன். நெஞ்செலும்புக்குக் கீழே, இடது பக்கமாக, ஏதோ கையில் தட்டுப்பட்டது. கெட்டியாக இருந்தது. அழுத்தினால் கொஞ்சம் நகர்ந்தது. நான் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டு, சமையலறையில் இருந்த விஜயாவைக் கூப்பிட்டு, அவள் கையை எடுத்து அந்த இடத்தில் வைத்தேன். அவள் முகம் மாறியதைப் பார்த்துக் கீர்த்தி கேட்டாள்: "என்னாம்மா இருக்குது?"

ஸ்கேன் மையத்தில் டாக்டர் அந்தக் கருவியைத் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார். கடைசியில், "இரைப்பை பக்கம் பெருசா ஏதோ இருக்குது. உள்ள தெளிவா தெரியல. நேரம் கடத்தாம பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க," என்றார்.

"கட்டிங்களா டாக்டர்?"

"கட்டி மாதிரி தெரியுது. அதுக்கு மேல நான் சொல்லக் கூடாது."

கட்டி என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கிற இன்னொரு சொல்லை நானும் விஜயாவும் வாயால் சொல்லவே இல்லை. ஆட்டோவில் வரும்போது கீர்த்தி எங்கள் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கம்பெனியில் நண்பர்கள் பெங்களூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். எல்லை தாண்டினால் அரைமணியில் பெரிய பெரிய ஆஸ்பத்திரிகள். அங்கே விசாரித்ததில் உள்ளே நுழைவதற்கே எங்களால் ஆகாது என்று தெரிந்தது. விஜயாவின் அண்ணன் சங்கர் ஊத்தங்கரையில் மினி லாரி ஓட்டுகிறான். "கிருஷ்ணகிரி கவர்மென்ட் ஆஸ்பத்திரியில நல்ல டாக்டருங்க இருக்காங்க மாப்ள. நான் வண்டிய எடுத்தாறன், நீங்க துணிமணி எடுத்து வைங்க," என்று மறுநாள் காலையிலேயே வந்து நின்றான்.

ஓசூர் தாண்டி சானமாவு காட்டுப் பக்கம் போகும்போது வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. யானைக் கூட்டம் ரோட்டைக் கடக்கிறது, வனத்துறை ஆட்கள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றார்கள். முன்னால் லாரிகள், பின்னால் கம்பெனி பஸ்கள். திரும்பவும் முடியாது, போகவும் முடியாது. விஜயாவின் மடியில் கீர்த்தி பச்சையாக வாந்தி எடுத்தாள். சங்கர் இறங்கி ஓடி வனத்துறைக்காரரிடம் கையெடுத்துக் கும்பிட்டான். அவர், "குட்டி இருக்குதுங்க, இப்ப விட்டா மனுசன் செத்துருவான்," என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். காத்திருந்தோம்.

"அப்பா, யானை தெரியுமா?" என்றாள் கீர்த்தி.

அவளைத் தூக்கி வண்டியின் கதவோரப் படியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டேன். தூரத்தில் புதருக்குள் ஒரு முதுகு மட்டும் தெரிந்தது. அவள் சிரித்தாள். என் தோளில் இருந்த அவள் கை ஒரு குச்சியின் எடைகூட இல்லை. அந்த நேரம் நான் வேண்டிக்கொண்டது யானை சீக்கிரம் போக வேண்டும் என்றுகூட இல்லை. இந்தச் சிரிப்போடு இவளை அப்படியே நிறுத்தி வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான்.

குழந்தைகள் வார்டில் இடம் கிடைத்தது. முதலில் ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் சிவப்பணு மிகவும் குறைவு, அறுவை சிகிச்சை எது செய்வதானாலும் முதலில் ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். மூக்கு வழியாக இரைப்பைவரை ஒரு மெல்லிய குழாயை இறக்கினார்கள். வயிற்றில் தேங்கியிருப்பது வாந்தியாக வராமல் இந்தக் குழாய் வழியாக வெளியே வந்துவிடும் என்று நர்ஸ் விளக்கினார். குழாயை இறக்கும்போது கீர்த்தியின் கைகளை நான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. "அப்பா விடுப்பா, அப்பா விடுப்பா," என்று என்னிடம்தான் கெஞ்சினாள். ஊசி போட்டவரிடமோ நர்ஸிடமோ கெஞ்சவில்லை. வாய்வழியாகத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. அவள் உதட்டைப் பஞ்சால் ஈரப்படுத்துவது ஒன்றுதான் எங்களால் ஆனது. பஞ்சை அவள் உறிஞ்சுவாள். பிடுங்கிக்கொள்வோம்.

பக்கத்துக் கட்டிலில் தளி ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த ராமக்கா. அவர் மகனுக்குக் குடல்வால் எடுத்திருந்தார்கள். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் இரண்டும் கலந்த தமிழ். விஜயா இரண்டு நாளாக ஒன்றும் சாப்பிடவில்லை என்பதைக் கவனித்துவிட்டு, ராகிக் களியைச் சின்ன உருண்டையாகப் பிடித்து அவள் வாயிலேயே வைத்தார். "ஏமி காதம்மா, ஒண்ணும் ஆவாது. பிள்ளைங்க தாங்கிக்கும். தாங்காதது நாமதான்," என்றார். விஜயா விழுங்க முடியாமல் அழுதாள். ராமக்கா அவள் அழுது முடிக்கும்வரை அடுத்த உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு எண்டோஸ்கோப்பி. அதாவது, முனையில் கேமரா வைத்த குழாயைத் தொண்டை வழியாக விட்டு இரைப்பையின் உள்ளே நேராகவே பார்ப்பது. மயக்கம் கொடுத்துதான் செய்தார்கள். வெளியே சங்கரும் நானும் நின்றோம். அறுவை சிகிச்சை டாக்டர், முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும், முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

"பயப்பட வேணாம். கேன்சர் கட்டி இல்ல."

சங்கர் என் தோளைப் பிடித்தான். டாக்டர் தொடர்ந்தார்:

"முடி."

"என்னாங்க?"

"உள்ள இருக்கறது முடிங்க. தலைமுடி. பந்து மாதிரி சுருண்டு இரைப்பை முழுக்க அடைச்சிருக்குது. பாப்பா முடி சாப்பிடுமா?"

"இல்லீங்க," என்றேன். "எங்க பாப்பா அப்பிடியெல்லாம் இல்ல." குரல் உயர்ந்துவிட்டது. யாரோ எங்களைத் திட்டியதுபோல இருந்தது.

அவர் பொறுமையாகச் சொன்னார். சோறு செரிக்கிறது, காய்கறி செரிக்கிறது, முடி மட்டும் செரிக்காது. வழவழவென்று இருப்பதால் இரைப்பை அதைக் கீழே தள்ளவும் முடியாது. ஒன்றிரண்டாக உள்ளே போனது அங்கேயே தங்கி, சாப்பாட்டோடு சிக்குப்பிடித்து, நாளாக ஆகப் பந்தாகிவிடும். அதற்குப் பெயர் டிரைக்கோபெசோர். வால்மாதிரி ஒரு பகுதி சிறுகுடலுக்குள்ளும் இறங்கியிருக்கிறது. அது குடலை அடைக்கலாம், ஓட்டையும் போடலாம். குழாய் வழியாக எடுக்க முடியாத அளவு பெரிது. வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும்.

"எத்தன நாளா சாப்பிடறா டாக்டர்?"

"நாள் இல்லீங்க. வருஷமா இருக்கும்."

மயக்கம் தெளிந்த பிறகு கீர்த்தியின் கட்டிலில் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காதபடி குனிந்து கேட்டேன்: "கண்ணு, நீ முடி சாப்பிடுவியா? அப்பா திட்ட மாட்டன்."

"இல்ல."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் எழுந்திருக்கும்போது என் சட்டை நுனியைப் பிடித்தாள்.

"ஸ்கூல்ல சொல்லிடுவீங்களா?"

வயிற்றைத் திறப்பார்களே, வலிக்குமே என்று அவள் கேட்கவில்லை. அவளுடைய பயம் இத்தனை நாளும் வேறாக இருந்திருக்கிறது. ஒரே அறை வீட்டில், ஒரே பாயில், பக்கத்திலேயே படுத்துக்கொண்டு அதை அவள் தனியாகச் சுமந்திருக்கிறாள்.

அறுவை சிகிச்சை நாளன்று தியேட்டர் கதவுவரை கூடவே போனேன். பச்சை அங்கியில் அவள் இன்னும் சின்னவளாகத் தெரிந்தாள். கதவு சாத்திய பிறகு நான் கையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். மெஷின் நின்றுபோனால் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். எதைத் திறந்து எதைச் சுத்தம் செய்தால் ஓடும் என்று தெரியும். இங்கே ஒரு பெஞ்சு இருந்தது. அதில் உட்காரலாம். அவ்வளவுதான்.

வெகுநேரம் கழித்து டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டு, கிட்னி டிரே என்கிறார்களே அந்த வளைந்த தட்டு, அதைவிடப் பெரிய ஒன்றில் வைத்து அதைக் காட்டினார். பெற்றோர் பார்த்தால்தான் நம்புவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. கறுப்பாக, பளபளப்பாக, வளைந்து, இரைப்பையின் வடிவத்திலேயே இருந்தது. ஒரு முனை வாலாக மெலிந்திருந்தது. நாற்றத்தில் சங்கர் வெளியே போய்விட்டான். விஜயா மட்டும் குனிந்து உற்றுப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதுல நீளமா இருக்கறதெல்லாம் பாப்பாவுது இல்ல," என்றாள். "என்னுது."

கீர்த்தி மொட்டையாக இருந்த மாதங்களில் வீட்டில் நீளமான முடி விஜயாவின் சீப்பிலும் தலையணையிலும்தான் இருந்தது. டாக்டர் தட்டைத் துணியால் மூடினார்.

அன்று மாலை சங்கர் என்னை ஆஸ்பத்திரி வாசலுக்கு டீ குடிக்கக் கூட்டிப் போனான். டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்: "மாப்ள, ஊர்ல கேக்கறவங்களுக்குக் கட்டின்னே சொல்லிக்கலாம். முடின்னு சொல்ல வேணாம். பைத்தியம்னு பேர் கட்டிருவாங்க. பொம்பளப்புள்ள. நாளைக்கி ஒரு இடத்துல குடுக்கணும்."

அவன் எங்களுக்காக ஒரு வாரமாக வண்டி ஓட்டாமல் கிடக்கிறவன். மூன்று வேளையும் வெந்நீர் பிடித்துக்கொண்டு வருகிறவன். அவனிடம் என்ன பேசுவது? சரி என்றேன். போன் செய்தவர்களுக்கெல்லாம் கட்டி, எடுத்தாச்சு, ஒன்றுமில்லை என்று சொன்னோம். கட்டி என்றதும் எல்லோரும் உருகினார்கள். முடி என்றிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்துக்கொள்வேன்.

தையல் காய்ந்துகொண்டிருந்தது. முதலில் வாய் நனைக்கத் தண்ணீர், பிறகு இளநீர், பிறகு கஞ்சி. அரை இட்லியை அவள் முழுதாகச் சாப்பிட்ட அன்று ராமக்கா கைதட்டினார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கத் தொடங்கிய அன்றுதான் அதைப் பார்த்தேன். மத்தியானம். ஒரு கையில் குளுக்கோஸ் ஊசி, அட்டை வைத்துக் கட்டியிருந்தது. கீர்த்தி கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். மறு கை தானாக எழுந்தது. காதுக்குப் பின்னால் போய், விரல்கள் மெதுவாகத் தடவி, ஒரு முடியைத் தேர்ந்தெடுத்து, சுண்டி இழுத்தன. முகத்தில் வலியே இல்லை. கை வாய்க்கு வந்தது. வயிற்றில் தையலோடு படுத்திருக்கிற குழந்தை.

நான் அந்தக் கையைப் பாய்ந்து பிடித்தேன். அவள் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். தான் என்ன செய்தோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. அது நடிப்பில்லை. பெற்றவனுக்கு அது தெரியும்.

அன்றுமுதல் விஜயா அவள் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள். சங்கர் ஒரு ஜோடி சாக்ஸ் வாங்கி வந்து கையில் மாட்டிக் கட்டிவிடலாம் என்றான். நர்ஸ் தடுத்தார். "கட்டி வச்சா கட்டு அவுத்ததும் போவுங்கண்ணா. டாக்டர் கிட்ட சொல்லுங்க."

சொன்னோம். டாக்டர் தலையசைத்தார். "வயித்துல இருந்தத நான் எடுத்துட்டேன். அது ஏன் போச்சுங்கறத நான் எடுக்க முடியாது. அதுக்கு வேற ஆள் வேணும். இந்தக் காம்பவுண்டுக்குள்ளயே இருக்காங்க. வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி பாத்துட்டுதான் போகணும்." பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு விடவில்லை. தானே ஒரு ஊழியரை அனுப்பி, சக்கர நாற்காலியில் கீர்த்தியை உட்காரவைத்து அழைத்துப் போகச் செய்தார்.

அது குழந்தைகளின் வளர்ச்சியிலும் நடத்தையிலும் வருகிற சிக்கல்களை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து உதவுகிற மையம். சுவரெல்லாம் மீனும் பலூனும் வரைந்திருந்தார்கள். பேச்சு வராத குழந்தைகள், ஒரு இடத்தில் உட்கார முடியாத குழந்தைகள், அவர்களைப் பிடித்துக்கொண்டு என்னைப் போன்ற முகங்கள். இப்படி ஓர் இடம் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. உளவியல் ஆலோசகர் பிரேமா மேடம் முதலில் கீர்த்தியோடு தரையில் உட்கார்ந்து படம் வரைந்தார். பிறகு எங்களிடம் பேசினார்.

"இதுக்கு டிரைக்கோடிலோமேனியான்னு பேரு. பேரு கெடக்கட்டும். மனசுல ஒரு இறுக்கம் வரும்போது கை முடிக்குப் போவுது. பிடுங்கினா அந்த நிமிஷம் லேசா இருக்குது. சில பிள்ளைங்க வாயிலயும் போட்டுக்கும். நெறைய நேரம் தனக்கே தெரியாது. இது கெட்ட புத்தி இல்லீங்க, பைத்தியமும் இல்ல. ரத்தத்துல இரும்புச்சத்து ரொம்பக் கொறஞ்சாலும் மண்ணு, சாக்பீஸ்னு தின்னத் தோணும். அதுவும் சேந்திருக்கலாம்."

"எதனால மேடம் வந்துச்சு?" என்றேன். "நாங்க ஊர விட்டு வந்ததாலயா? ரெண்டு பேரும் வேலைக்குப் போறதாலயா? ஸ்கூல்ல யாராச்சும் எதாச்சும் செஞ்சாங்களா?"

"தெரியாதுங்க. இதுதான்னு ஒண்ண கைகாட்ட முடியாது."

எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. நான்தான் காரணம் என்று சொல்லியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். நான் என்றால் என்னைத் திருத்திக்கொள்ளலாம். தெரியாது என்பதை வைத்துக்கொண்டு ஒரு தகப்பன் என்ன செய்ய முடியும்?

அடுத்தமுறை எங்களை வைத்துக்கொண்டே மேடம் கீர்த்தியிடம் கேட்டார்: "உங்க கை எப்ப மேல போவும்? சோறு சாப்பிடும்போதா, டிவி பாக்கும்போதா?"

கீர்த்தி பென்சிலை உருட்டிக்கொண்டே சொன்னாள்: "அம்மா நைட் ஷிப்ட் போனா கைக்குத் தூக்கம் வராது."

விஜயா எழுந்து வெளியே போய்விட்டாள். மீன் வரைந்த சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். வேலையை விட்டுவிடுகிறேன் மேடம் என்று அன்றே சொன்னாள். மேடம் அவளை உட்காரவைத்தார். "நீங்க வேலைய விட்டா கை நின்னுடும்னு நான் சொன்னா அது பொய். இருக்க முடிஞ்சா இருங்க. ஆனா உங்களால வந்துச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காதீங்க. அந்த மொகத்தத்தான் அவ தெனமும் பாப்பா." விட வேண்டிய அவசியமும் வரவில்லை. அத்தனை நாள் வராததால் கான்ட்ராக்டரே விஜயாவின் இடத்தில் வேறு ஆள் போட்டுவிட்டார். சில மாதம் வீட்டில் இருந்தாள். மேடம் சொன்னது சரிதான். அம்மா வீட்டில் இருந்த நாட்களிலும் கை போயிற்று.

வாரா வாரம் ஓசூரிலிருந்து பஸ் ஏறிக் கிருஷ்ணகிரிக்குப் போனோம். என்னோடு வேலை செய்கிறவர் தன் ஷிப்டை எனக்காக மாற்றிக்கொண்டே இருந்தார். என்ன உடம்பு என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. மேடத்திடம் கீர்த்தி கற்றுக்கொண்டது சின்னச் சின்ன வேலைகள். கை தூக்கும்போதே அதைக் கவனிப்பது. கவனித்ததும் விரல்களை இறுக்கி மூடிப் பத்து எண்ணுவது, அல்லது ஒரு பஞ்சுப் பந்தைப் பிசைவது. நாங்கள் கற்றுக்கொண்டது அதைவிடக் கடினம். கையைப் பிடிக்கக் கூடாது. திட்டக் கூடாது. கெஞ்சவும் கூடாது. தலையை ஓயாமல் உற்றுப் பார்க்கக் கூடாது. மெல்ல "கை" என்று ஒரு சொல் மட்டும் சொல்லலாம். மருந்து கொடுக்கச் சொன்னால் கொடுப்பேன், தோளில் தூக்கிக்கொண்டு நடக்கச் சொன்னால் நடப்பேன். சும்மா இரு என்றால் எப்படி இருப்பது?

"ஏழு வயசுலயே கூட்டியாந்துட்டீங்க. சீக்கிரம் வந்தது நல்லது," என்று மேடம் ஒருமுறை சொன்னார். வயிற்றைக் கிழித்த பிறகு வருவதற்குப் பெயர் சீக்கிரமா என்று கேட்கத் தோன்றியது. அவர் பதினேழு வயதில் வருகிறவர்களைப் பற்றிச் சொன்னதும் வாயை மூடிக்கொண்டேன். வெங்காயம் தேய்த்த நாளில் யாராவது ஒருவர், புழுவெட்டா அல்லது பிடுங்குகிறாளா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியாது. இதை எழுதுவதற்குக் காரணம் அதுதான். குழந்தையின் தலையில் முடி உதிர்ந்தால் அந்த இடத்தில் மீதியிருக்கும் முடியைப் பாருங்கள். உடைந்த மாதிரி குட்டையும் நெட்டையுமாக இருந்தால் பிடுங்கியதாக இருக்கலாம். திட்டாமல் கேளுங்கள். இப்படி ஒரு மையம் உங்கள் பக்கத்திலும் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

ஊருக்குச் சொன்ன பொய்யும் நீடிக்கவில்லை. பொங்கலுக்குச் சாமல்பட்டி போயிருந்தபோது ஓர் உறவுக்கார அம்மா, கீர்த்தியின் வயிற்றுத் தழும்பைப் பார்த்து, "அய்யோ, கட்டி மறுபடியும் வராதில்ல?" என்றார். கீர்த்தி என் முகத்தைப் பார்த்தாள். நான் சங்கரின் முகத்தைப் பார்த்தேன். "கட்டி இல்லீங்க சின்னம்மா. முடி. அது ஒரு நோய். வைத்தியம் பாக்கறம்," என்றேன். அந்த அம்மா கரும்பை ஒடித்துக் கீர்த்தியிடம் கொடுத்தார். சங்கர் இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

குணமாகிவிட்டதா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. முடி நன்றாக வளர்ந்தது. எடை கூடியது. பிறகு, பரீட்சை நேரத்தில், தலை பின்னும்போது காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய் அளவு தோல் தெரிந்தது. சீப்பைப் பிடித்தபடி நின்றேன். இவ்வளவு செய்தும், என்று மனசுக்குள் ஓடியது. யாரைப் பார்த்து அப்படிச் சொல்கிறேன் என்று தெரியவில்லை. பிரேமா மேடம், "வரும், போகும். இது தோத்துப்போனது இல்லீங்க," என்றார். வயிற்றை மறுபடி ஸ்கேன் செய்து பார்த்தோம். உள்ளே ஒன்றும் இல்லை. அடுத்த ஸ்கேன்வரை, ஒன்றும் இல்லை என்ற அந்த வார்த்தை எங்களைத் தாங்கும்.

விஜயா இப்போது வேறொரு கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள். பகல் ஷிப்ட் மட்டும். போன வாரம் ஒரு மாலை, அவள் வருவதற்கு முன்பு, நான் அடுப்பில் பருப்பு வைத்திருந்தேன். கீர்த்தி உள் மூலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். எழுந்து என்னிடம் வந்தாள். ஒரு கையை மூடியிருந்தாள். என் முன்னால் வந்து திறந்தாள். உள்ளங்கையில் நாலைந்து முடி.

"அப்பா, இது வாய்க்குப் போவல."

இதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று மேடம் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் மாறிவிடக் கூடாது என்று மட்டும் நினைத்தேன். என் கையை நீட்டினேன். அவள் அந்த முடியை ஒன்று விடாமல் என் கையில் வைத்தாள்.

"சரி கண்ணு," என்றேன்.

அவள் திரும்பிப் போய், விட்ட இடத்திலிருந்து கணக்கு எழுதத் தொடங்கினாள். அதைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை. வைத்துக்கொள்ளவும் முடியாது. பருப்பு பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல் கையை நீட்டியபடியே நின்றிருக்கிறேன். விஜயா பையோடு உள்ளே வந்தாள். என் கையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்துக் குழாயடிக்கு அழைத்துப் போய், தண்ணீரைத் திறந்து, கையைக் கழுவிவிட்டாள்.